ஆயிரத்து நாலு

உக்காருங்க அண்ணாச்சி, உக்காருங்க. ஆள் வர்ற சீட்டு இல்ல, நான் ஒத்த ஆள்தான். விளாத்திகுளமா? நானும் அங்கதான். ஒரு கல்யாணம். என்கிட்ட படிச்ச பிள்ளைக்கு.

எங்க டிபார்ட்மெண்ட்ல இருந்து வேன் போகுது, பாத்துக்கிடுங்க. பதினாலு சீட்டு வேன். நேத்து போய்க் கேக்கேன், சீட்டு இல்லன்னுட்டாங்க. எண்ணிப் பாத்தேன், பதிமூணு பேர்தான். லேப் கூட்டுற அம்மா வரைக்கும் வேன்ல போகுது, பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ளவன் நான் கோவில்பட்டியில நின்னு பஸ் ஏறுதேன். பரவாயில்ல. பஸ்ல காத்து நல்லா வரும்.

நான் இஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியார். வேலாயுதப்பெருமாள்னு பேரு. கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட். சி-ன்னு ஒரு பாடம் இருக்கு. கம்ப்யூட்டருக்கு நாம வேலை சொல்லுத பாஷைன்னு வச்சுக்கிடுங்க. பத்தொன்பது வருஷமா அது என் பாடம். சி-ன்னா வேலாயுதம் சார், வேலாயுதம் சார்னா சி. இந்த வருஷம் அதைப் பிடுங்கிட்டு எத்திக்ஸ் குடுத்திருக்காங்க. தொழில்ல யோக்கியமா நடந்துக்கிடுறது எப்படின்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். நோட்ஸ் இருக்கு, சிரமம் ஒண்ணுமில்ல. ஆனா மனசு ஆறமாட்டேங்குது அண்ணாச்சி.

எல்லாம் ஒரு கூட்டல் கணக்குல வந்த வினை. ஆயிரத்தோட ஒண்ணைக் கூட்டினா எவ்வளவு? சும்மா சொல்லுங்க. ஆயிரத்து ஒண்ணு. பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது. அதைத்தான் நானும் சொல்லிக் குடுத்தேன்.

விவரமா சொல்லுதேன். கம்ப்யூட்டர் மூளைக்குள்ள சின்னச் சின்ன அறையா வரிசையா இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் கதவு நம்பர் உண்டு. ஆயிரம், ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டுன்னு போகும். நாம பத்து எண்ணை வரிசையா உள்ள போட்டு வச்சா அதுக்கு அர்ரேன்னு பேரு. எந்த இடத்துல இருக்குன்னு கதவு நம்பரை மட்டும் கையில வச்சிருக்கதுக்கு பாயிண்டர்னு பேரு. அம்புட்டுதான். பிள்ளைங்க அந்தப் பேரைக் கேட்டாலே காய்ச்சல் வந்த மாதிரி உக்காந்திருக்கும். நான் போர்டுல ஒரு தெரு போட்டு, வீடு போட்டு, இது ஆயிரம், பாயிண்டரோட ஒண்ணைக் கூட்டினா அடுத்த வீடு, ஆயிரத்து ஒண்ணு, எழுதிக்கோன்னு சொல்லிருவேன். ஒரு பய முழிக்க மாட்டான். பாஸ் பெர்சன்டேஜ் எண்பத்தேழு. பிரின்சிபால் கையால ஷீல்டு வாங்கியிருக்கேன், ரெண்டு தடவை.

இந்த மாரிச்செல்வி வந்தா. அவளுக்குத்தான் இன்னைக்குக் கல்யாணம். முதல் வருஷம் என் கிளாஸ்ல மூணாவது பெஞ்ச். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவர். அதிகம் பேசாத பிள்ளை. பேசாத பிள்ளைங்கதான் அண்ணாச்சி நமக்குச் சிக்கல். சத்தம் போடுற பயலை வெளிய போடான்னு சொல்லலாம், பேசாததை என்ன சொல்ல?

ஒருநாள் எழுந்திரிச்சு, அர்ரேயில ஏன் சார் சைபர்ல இருந்து எண்ணணும், ஒண்ணுல இருந்து எண்ணினா என்னன்னு கேட்டா. எல்லா வருஷமும் எவனாவது கேப்பான். ரூல் அப்படிம்மா, எழுதிக்கோன்னேன். உக்காந்துட்டா. மறுநாள் கிளாஸ் முடிஞ்சு வந்து, சார், அது வரிசை நம்பர் இல்ல சார், ஆரம்பத்துல இருந்து எத்தனை எட்டு எடுத்து வச்சுப் போகணும்ங்கிற கணக்கு, முதல் ஆள் ஆரம்பத்துலயே நிக்கான், அவனுக்கு ஒரு எட்டும் வைக்க வேண்டாம், அதான் சார் சைபர்ங்கா. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. சிலபஸ்ல அப்படி இல்லம்மான்னு அனுப்பி வச்சேன்.

அப்புறம் லேப். பாயிண்டரோட ஒண்ணைக் கூட்டி, கூட்டுறதுக்கு முன்னால உள்ள கதவு நம்பரையும் கூட்டின பிறகு உள்ளதையும் ஸ்கிரீன்ல காட்டுற புரோகிராம். நெசமான மிஷின்ல ஆயிரம்னு அழகா வராது, நீளமா ரெண்டு நம்பர் வரும். யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. வந்துட்டா, வந்துருச்சு சார்னு சொல்லிட்டு, ரெக்கார்டு நோட்டுல அவுட்புட்டுங்கிற இடத்துல நான் போர்டுல எழுதிப் போட்டதை எழுதி கையெழுத்துக்குக் கொண்டு வருவாங்க. எல்லா காலேஜ்லயும் அதுதான் வழக்கம். வரவேண்டியதை எழுதணும், வந்ததை எழுதப்பிடாது. இவ ரெண்டு நம்பரையும் கழிச்சுப் பாத்திருக்கா. வித்தியாசம் நாலு வந்திருக்கு. ரெக்கார்டுல ஆயிரத்து நாலுன்னு எழுதிக் கொண்டுவந்து நீட்டுதா.

தப்பும்மான்னேன். மிஷின்ல அப்படித்தான் சார் வருதுன்னா. சிஸ்டம் பழசுன்னேன். நாலு சிஸ்டத்துல போட்டுப் பாத்தேன் சார்னா. நாலும் ஒரே வருஷம் வாங்கினதும்மான்னேன். சிவப்பு மையால அடிச்சு ஆயிரத்து ஒண்ணுன்னு எழுதி, திருத்தி எழுதிட்டு வா, அப்புறம் கையெழுத்துன்னு சொல்லிட்டேன். ரெக்கார்டுல கையெழுத்து இல்லன்னா பிராக்டிகல் எழுத முடியாது. ரெண்டு நாள் வரல. மூணாம் நாள் திருத்தி எழுதிக் கொண்டு வந்தா. கையெழுத்துப் போட்டேன். வெரி குட்னும் எழுதினேன். நான் அப்படி மனசுல வச்சுக்கிடுற ஆள் இல்ல.

அதுக்கப்புறம் ரெண்டாம் வருஷமும் என் பாடம் ஒண்ணு இருந்துச்சு. டெஸ்ட்ல எப்பவும் ஆயிரத்து ஒண்ணுன்னுதான் எழுதினா. சரி, பிள்ளைக்குப் புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். நெசமா அப்படித்தான் நெனச்சேன் அண்ணாச்சி.

நாலாம் வருஷம், ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்னா. சென்னையில இருந்து ஒரு கம்பெனி வருது, அப்பா இன்டர்வியூவுக்குப் போக வேண்டாம்ங்காங்க, நீங்க பேசுங்க சார்ங்கா. என்ன விஷயம்னா, விளாத்திகுளத்துல அத்தை மகன் இருக்கான். பெட்ரோல் பங்க்ல சூப்பர்வைசர். பையன் மேல குறை சொல்ல ஒண்ணுமில்ல. படிப்பு முடிஞ்சதும் ஆவணியில கல்யாணம்னு வீட்டுல பேசி வச்சாச்சு. இவளுக்கு வேலைக்குப் போகணும். எனக்கு இது பிடிச்சிருக்கு சார், நாள் பூரா இதைப் பண்ணிக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு சார்னா. நாலு வருஷத்துல அவ என்கிட்ட அவ்வளவு நீளமா பேசினது அன்னைக்குத்தான்.

நான் போனேன் அண்ணாச்சி. அதை நான் சொல்லியாகணும். வேற எந்த வாத்தியார் போவான்? அவங்க அப்பா ஆட்டோ ஸ்டாண்டுல போய் நின்னு ஒரு மணி நேரம் பேசினேன். மனுஷன் தரையைப் பாத்துக்கிட்டே கேட்டார். கடைசியில, இந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் விடுதேன் சார், கிடைச்சா சென்னைக்குப் போகட்டும், கிடைக்கலன்னா பிறகு யாரும் எதுவும் கேக்கப்பிடாதுன்னார். சரின்னு கையடிச்சுட்டு வந்தேன். அவகிட்ட சொன்னப்போ அவளுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இப்பதான் விஷயம். இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம், லேப்ல யாரும் இல்ல. சாப்பிட்டுட்டு சும்மா உக்காந்திருந்தேன். என்ன தோணுச்சோ, அந்தப் புரோகிராமை நானே அடிச்சேன். அதுவரைக்கும் பதினெட்டு வருஷத்துல நான் அதை அடிச்சது இல்ல. பிள்ளைங்கதான் அடிக்கும், நான் கையெழுத்துப் போடுவேன். ரெண்டு நம்பரையும் பேப்பர்ல எழுதிக் கழிச்சேன். நாலு. வேற சிஸ்டத்துல போய் உக்காந்து அடிச்சேன். நாலு. எண்ணுக்குப் பதிலா எழுத்தைப் போட்டு அடிச்சேன். ஒண்ணு வந்துச்சு.

புரியலையா? இந்தா, நம்ம பஸ்ஸையே எடுத்துக்கிடுங்க. இது மூணு பேர் சீட்டு. ஒரு சீட்டு தள்ளி உக்காருங்கன்னு நான் சொன்னா நீங்க பின்னால உள்ள சீட்டுக்குப் போவீங்க. ஆள் கணக்குல பாத்தா மூணு ஆளைத் தாண்டியிருப்பீங்க. அதே மாதிரி ஒரு எண் உக்கார நாலு அறை வேணும். பாயிண்டரோட ஒண்ணைக் கூட்டுன்னா ஒரு அறை தள்ளுன்னு அர்த்தம் இல்ல, ஒரு எண் தள்ளுன்னு அர்த்தம். நாலு அறை. ஆயிரத்து நாலு. எழுத்துன்னா ஒரு அறை போதும், அங்க மட்டும் ஆயிரத்து ஒண்ணு. நான் படிக்கும்போது எங்க சார் நோட்ஸ்ல எழுத்தை வச்சுத்தான் போட்டிருந்தார். நான் எண்ணுன்னு நெனச்சு எடுத்துட்டேன். நோட்ஸ் எழுதுறவங்க கொஞ்சம் விவரமா எழுதியிருக்கலாம். இன்னொண்ணு, பழைய மிஷின்ல ஒரு எண்ணுக்கு ரெண்டு அறைதான். அங்க ஆயிரத்து ரெண்டு வரும். ஆக, ஆயிரத்து நாலுதான் சரின்னு எல்லாக் காலத்துக்கும் அடிச்சுச் சொல்லிர முடியாது.

வருஷத்துக்கு அறுபது பிள்ளை. பதினெட்டு வருஷம். பெருக்கிப் பாக்கல. சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு வெளிய வந்து டீ குடிச்சேன். அடுத்த வருஷம் புது பேட்ச்சுல இருந்து மாத்திச் சொல்லுவோம்னு முடிவு பண்ணினேன். நடுவுல மாத்தினா பிள்ளைங்க குழம்பிரும்.

இன்டர்வியூ வந்துச்சு. முதல்ல எழுத்துப் பரீட்சை, நாப்பத்திரண்டு பேர் எழுதினாங்க. பிறகு தேறின கொஞ்சம் பேரை ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்க. எங்க காலேஜ்ல ஒரு வழக்கம், கம்பெனிக்காரங்க கூட ரூமுக்குள்ள டிபார்ட்மெண்ட் சார்பா ஒரு வாத்தியார் உக்காரணும். டீ வந்துச்சா, வடை வந்துச்சா, பிள்ளை உள்ள வந்து வணக்கம் சொல்லுச்சான்னு பாத்துக்கிடுறதுக்கு. சீனியர்னு என்னைப் போட்டுட்டாங்க. கம்பெனிக்காரன் சின்னப் பையன், முப்பது வயசு இருக்கும், நிரஞ்சன்னு பேரு. மரியாதையான பையன்தான். பேப்பரைப் புரட்டிக்கிட்டே, யார் சார் இங்க சி எடுக்கிறதுன்னு கேட்டான். டிபார்ட்மெண்ட்லதான் எடுக்கோம்னேன். ஒரு கேள்விக்கு நாப்பத்தோரு பேர் ஒரே தப்பை எழுதியிருக்காங்க சார்னான். அப்படியான்னேன். வடை எடுத்துக்கிடுங்கன்னேன்.

மாரிச்செல்வி உள்ள வந்தா. நீலக் கலர் சுடிதார், தலை நல்லா வாரியிருந்தா. கேட்டது எல்லாத்துக்கும் பளிச்சுப் பளிச்சுன்னு சொன்னா. அந்தப் பையன் முகமே மாறிப் போச்சு, நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு கேக்கான். எனக்கு ஒரே பெருமை. அப்புறம் அவ பேப்பர்ல ஒரு இடத்துல விரலை வச்சுக்கிட்டு, எண் உள்ள அர்ரே, பாயிண்டர் ஆயிரத்துல இருக்கு, ஒண்ணைக் கூட்டினா எங்க போகும்னு கேட்டான்.

அவ வாயைத் திறந்தா. திறந்துட்டு, என்னைப் பாத்தா. ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் டீ கிளாஸைப் பாத்துக்கிட்டு இருந்தேன், ஆனா அவ பாத்தது தெரிஞ்சுச்சு.

"ஆயிரத்து ஒண்ணு சார்"னா.

நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னான் அந்தப் பையன். அவ மறுபடியும் அதையே சொன்னா. சத்தமா, ரெக்கார்டுல எழுதின மாதிரி தெளிவா. அவன் பேப்பரை இன்னொரு தடவை பாத்துட்டு, சரிம்மா, வெளிய இருங்கன்னு அனுப்பிட்டான். கதவு சாத்தினதும் என் பக்கம் திரும்பினான்.

"சார், அந்த நாப்பத்திரண்டு பேர்ல சரியா எழுதினது இந்தப் பொண்ணு ஒண்ணுதான். எழுதும்போது ஆயிரத்து நாலு, கேட்டா ஆயிரத்து ஒண்ணுங்கிறாங்க. போனைப் பாத்து எழுதியிருப்பாங்களோ? நீங்க சொல்லுங்க சார், உங்களுக்குத்தான் பிள்ளைங்களைத் தெரியும்."

என்னைக் கேட்டான் அண்ணாச்சி. என்னைத்தான் கேட்டான். நெசமாவே தெரிஞ்சுக்கிடணும்னு கேட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான்தான் தம்பி அப்படிச் சொல்லிக் குடுத்தேன், பிள்ளை எனக்காக அப்படிச் சொல்லிட்டுப் போகுதுன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு.

"பரீட்சை ஹால்ல எனக்கு டூட்டி இல்ல சார்"னேன்.

பொய் இல்ல. எனக்கு டூட்டி இல்லதான். லிஸ்ட்ல பாத்துக்கிடலாம். அவன் தலையை ஆட்டிக்கிட்டு பேப்பரை மடிச்சு இடது பக்கம் ஒதுக்கி வச்ச கட்டுல வச்சான்.

வெளிய வராந்தாவுல அவ நின்னுக்கிட்டு இருந்தா. ஏம்மா, ஆயிரத்து நாலுன்னு சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். எனக்கும் அந்த விஷயம் தெரியும்னு அவளுக்கு அப்பதான் தெரிஞ்சுது. பிறகு சொன்னா.

"நீங்க உக்காந்திருந்தீங்களே சார்."

கோபமா சொல்லல. கோபமா சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். மழை பெய்யுது, குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லுவாங்கள்ல, அப்படிச் சொன்னா.

சாயங்காலம் லிஸ்ட் வாசிச்சாங்க. நாலு பேர். அவ பேர் இல்ல. அவங்க அப்பா என்கிட்ட ஒண்ணும் கேக்கல, கையடிச்சுக் குடுத்தோம்லா. அந்தக் கம்பெனிப் பையன் ஊருக்குப் போய், நாப்பத்தோரு பேருக்கு இதைத் தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு பிரின்சிபாலுக்குக் கடுதாசி எழுதிட்டான். விசாரிச்சாங்க. பாடம் போச்சு. வேன்லயும் சீட்டு போச்சு. கம்பெனிக்காரன் வந்தமா, ஆள் எடுத்தமான்னு போக வேண்டியதுதானே? ஒரு பாடத்தை நம்பியே பத்தொன்பது வருஷம் இருந்தவன் நான்.

பத்திரிகை வைக்க அவளே வந்தா அண்ணாச்சி, ஆடி கடைசியில. தட்டுல பழம் வச்சு, குங்குமம் வச்சு. டிபார்ட்மெண்ட் தலைவி, எச்.ஓ.டி. மேடத்துக்கு மேசை மேல வச்சுட்டுப் போனா, எனக்குக் கையில குடுத்தா. உங்களாலதான் சார் அப்பா அந்த இன்டர்வியூவுக்கே விட்டாங்க, நீங்க கண்டிப்பா வரணும் சார்னா. நான் சரிம்மான்னேன். இன்டர்வியூ ரூமுக்குள்ள அந்தக் கம்பெனிப் பையன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன்னு அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தத் தட்டை என் கையில குடுத்திருக்க மாட்டா. ஒரு வாரமா நெனச்சுக்கிட்டே இருக்கேன், மேடையில ஏறி, நீ எழுதினதுதாம்மா சரி, நான்தான் உள்ள வாயைத் திறக்கலன்னு சொல்லிரணும்னு. கல்யாண மேடையில நின்னு எவனாவது அப்படிச் சொல்லுவானா? பக்கத்துல மாப்பிள்ளை நிப்பான். வீடியோ எடுப்பாங்க. காதுல சொல்லிரலாம்னு பாத்தா, மேளச் சத்தத்துல அவளுக்குக் கேக்காது.

விளாத்திகுளம் வந்துட்டு போல. அந்தா, வாழைமரம் கட்டியிருக்கு பாருங்க, அதான் மண்டபம்.

அண்ணாச்சி, ஒரு உதவி பண்ணுவீங்களா? நீங்க இறங்கி அந்தப் பக்கமாத்தானே போகணும்? இந்தப் பையில ஒரு குத்துவிளக்கு இருக்கு, மேல பேர் எழுதி ஒட்டியிருக்கேன். பொண்ணு கையிலயே குடுத்துருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க, யாரும் கேக்க மாட்டாங்க. நான் எதுத்தாப்ல நிக்குற பஸ்ல அப்படியே திரும்பிருதேன். சார் எங்கன்னு கேட்டாள்னா, சார் வந்தார், அவசரமா போயிட்டார்னு சொல்லுங்க. பொய் இல்ல. வந்தேன்லா.